என்.சி.சி.யில் சேரும் முன்: மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரி திறந்த சில வாரங்களில் மைதானத்தில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) ஆள்சேர்ப்பு நடக்கும். ஓடவிடுவார்கள், உயரம் பார்ப்பார்கள், நாலு கேள்வி கேட்பார்கள். அன்று மாலையே வீட்டில் விவாதம் தொடங்கிவிடும். படிப்பு கெடுமா, வேலை கிடைக்குமா, பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா? சீனியர் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார். விதிகள் அவ்வளவு சிக்கலானவை அல்ல. பாதிக்கு மேல் வருகைப் பதிவையும் கேம்ப்பையும் பற்றியவைதான்.

என்.சி.சி. ராணுவத்தின் ஒரு பிரிவா?

இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மாணவர் படை அது. தலைமை இயக்குநராக இருப்பவர் ராணுவத்தின் லெப்டினன்ட் ஜெனரல். பட்டாலியன்களை நடத்துபவர்களும் முப்படை அதிகாரிகள். ஆனால் கேடட்டுகள் மாணவர்கள்தான், சிப்பாய்கள் அல்ல.

இதன் வேர் பிரிட்டிஷ் காலத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது 1917ல் பல்கலைக்கழகங்களில் ஒரு படை தொடங்கினார்கள். அது பின்னர் பெயரும் வடிவமும் மாறி, 1942ல் பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை ஆனது. பிரிட்டிஷாருக்குத் தேவை அதிகாரிகள். அவர்களை உருவாக்கும் நாற்றங்காலாகத்தான் கல்லூரிகளைப் பார்த்தார்கள். சுதந்திரத்தை ஒட்டி எச்.என். குன்ஸ்ரு தலைமையிலான குழு, பள்ளி கல்லூரி இரண்டுக்கும் சேர்த்து நாடு தழுவிய அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1948 ஏப்ரலில் சட்டம் நிறைவேறி, ஜூலை 15ல் என்.சி.சி. நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே பெண்கள் பிரிவு வந்தது; விமானப் படைப் பிரிவு 1950ல், கடற்படைப் பிரிவு 1952ல்.

சேர்ந்துவிட்டால் போருக்கு அனுப்ப முடியுமா?

முடியாது. கேடட் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் போர்ப் பணிக்கு அழைக்கக் கூடாது என்று 1948 சட்டமே சொல்கிறது. படிப்பு முடிந்தபின் ராணுவத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் உள்ள ஆர்.ஓ.டி.சி. திட்டத்தில் உதவித்தொகை வாங்கிப் படிப்பவர் ஒப்பந்தம் போட்டுப் பல ஆண்டுகள் சேவை செய்தாக வேண்டும். இங்கே அப்படி எந்தப் பத்திரமும் கிடையாது.

இந்தப் பயம் தலைமுறை தலைமுறையாக வருவதற்குக் காரணம் உண்டு. சீனப் போருக்குப் பின் 1963ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது, 1968ல்தான் மறுபடி விருப்பத்துக்கு விட்டார்கள். தாத்தா தலைமுறையில் "எங்க காலத்துல எல்லாரும் போகணும்" என்று சொன்னால் அது பொய் இல்லை. 1965, 1971 போர்களில் கேடட்டுகள் பின்களத்தில் உதவினார்கள். ஆயுதத் தொழிற்சாலைகளில் கை கொடுத்தார்கள், ரோந்து போனார்கள்.

கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் கேடட்டுகளை நிவாரணப் பணிக்கு அழைத்தபோது போட்ட நிபந்தனைகளைப் பார்த்தாலே இன்றைய அணுகுமுறை புரியும். பதினெட்டு வயது முடிந்த சீனியர் கேடட்டுகள் மட்டும், அதுவும் விருப்பப்பட்டவர்கள் மட்டும், பொறுப்பாளர் ஒருவரின் மேற்பார்வையில் சிறு குழுக்களாக. சட்டம் ஒழுங்குப் பணிக்கோ நோய் தீவிரமாக இருந்த பகுதிகளுக்கோ அனுப்பக் கூடாது என்றும் எழுதி வைத்தார்கள்.

யார் சேரலாம்? வயது வரம்பு என்ன?

பள்ளிப் பிரிவை ஜூனியர் டிவிஷன் என்பார்கள், மாணவிகளுக்கு ஜூனியர் விங். பதினெட்டரை வயது வரை இருக்கலாம். பயிற்சி இரண்டு ஆண்டு என்பதால் எட்டாம் வகுப்பில் அல்லது ஒன்பதாம் வகுப்பில் எடுத்துக்கொள்வார்கள். பத்தாம் வகுப்புக்கு வந்தபின் கேட்டால் கிடைக்காது. கல்லூரிக்கு சீனியர் டிவிஷன், சீனியர் விங். இருபத்தாறு வயது வரை.

இந்தியக் குடிமகனாகவோ நேபாளக் குடிமகனாகவோ இருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், மருத்துவத் தகுதி வேண்டும், என்.சி.சி. உள்ள நிறுவனத்தின் மாணவராக இருக்க வேண்டும். விதி கேட்பது இவ்வளவுதான். "ஆறடி இருந்தால்தான் எடுப்பார்கள்", "கண்ணாடி போட்டால் சேர்க்க மாட்டார்கள்" என்பதெல்லாம் அந்தந்தக் கல்லூரி மைதானத்தில் உலவும் கதை. இடம் குறைவு, ஆள் அதிகம் என்பதால் ஓட்டமும் உயரமும் பார்த்து வடிகட்டுகிறார்கள். ஒரு கல்லூரியில் தள்ளிவிடப்பட்ட பையன் இன்னொரு கல்லூரியில் தாராளமாகத் தேர்வாகலாம்.

எங்கள் பள்ளியில் என்.சி.சி. இல்லை. வெளியில் ஒரு அமைப்பு "என்.சி.சி. கேம்ப்" நடத்துகிறது. சேர்க்கலாமா?

வேண்டாம். முதலில் விசாரியுங்கள். இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குக் கிருஷ்ணகிரி சாட்சி. 2024 ஆகஸ்டில் அந்த மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளிக்குள்ளேயே போலியாக என்.சி.சி. முகாம் நடத்தியவர்களில் ஒருவர் மாணவியைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார். முகாம் நடத்தியவர்களுக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லை என்று என்.சி.சி. தரப்பு அறிவித்தது. அந்தப் பள்ளிக்கு என்.சி.சி. யூனிட்டே ஒதுக்கப்படவில்லை. காக்கிச் சட்டையும் விசிலும் கம்பும் இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை, அதுதான் பிரச்சினை.

உண்மையான என்.சி.சி. எப்படி இருக்கும்? பள்ளிக்கென்று ஒரு தாய் பட்டாலியன் இருக்கும். அதற்கு எண் இருக்கும், அலுவலகம் இருக்கும், கமாண்டிங் ஆபீசர் இருப்பார். பள்ளி ஆசிரியர் ஒருவர் முறையாகப் பயிற்சி பெற்று ஏ.என்.ஓ. (இணை என்.சி.சி. அதிகாரி) பொறுப்பில் இருப்பார், அல்லது தற்காலிகப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டிருப்பார். உங்கள் பிள்ளைக்குப் பதிவு எண் கிடைக்கும். கேம்ப் என்றால் பட்டாலியனிலிருந்து எழுத்துபூர்வமான உத்தரவு வரும். இதில் ஒன்று குறைந்தாலும் சென்னையில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிகோபார் என்.சி.சி. இயக்ககத்துக்கோ உங்கள் பகுதி குரூப் தலைமையகத்துக்கோ ஒரு போன் போடுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம்.

பணம் கட்ட வேண்டுமா?

சாதாரண யூனிட்டில் சேர்வதற்கும் கேம்ப்புக்கும் கட்டணம் இல்லை. கேம்ப் சாப்பாடு அரசுச் செலவு. சீருடைக்கான தொகை இப்போது கேடட்டின் வங்கிக் கணக்குக்கே வருகிறது; 2023ல் ஸ்டேட் வங்கியோடு ஒப்பந்தம் போட்டு, குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத கணக்குகளைத் தொடங்கினார்கள். முன்பெல்லாம் ஸ்டோரில் சட்டை கொடுப்பார்கள். முப்பத்தாறு சைஸ் பையனுக்கு நாற்பத்திரண்டு சைஸ் கிடைக்கும், அதைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிடிக்க வைத்தே பாதிப் பணம் போகும்.

சுயநிதி முறையில் நடக்கும் யூனிட்டுகளும் உண்டு. நிறுவனமே செலவை ஏற்கும் திட்டம் அது. காத்திருப்புப் பட்டியலில் இருந்த பல தனியார் பள்ளி கல்லூரிகள் அப்படித்தான் வாங்கியிருக்கின்றன. அங்கே நிர்வாகம் அந்தச் செலவை மாணவர்களிடம் வசூலிக்கிறதா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

பரேடு எப்போது நடக்கும்? என்ன சொல்லித் தருவார்கள்?

பெரும்பாலும் வாரக் கடைசியில் காலை நேரம். டிரில், வரைபடம் படித்தல், துப்பாக்கியின் பாகங்கள், முதலுதவி, பேரிடர்ப் பணி, தலைமைப் பண்பு, சமூக சேவை என்று பாடத்திட்டம் போகும். கடற்படைப் பிரிவில் படகு வலித்தலும் பாய்மரமும் கப்பல் மாதிரி செய்தலும் இருக்கும். விமானப் பிரிவில் மைக்ரோலைட் விமானத்தில் பறக்கும் வாய்ப்பு சிலருக்குக் கிடைக்கும். டிரில் கற்றுத்தர ராணுவத்திலிருந்து வரும் பி.ஐ. ஸ்டாஃப் (நிரந்தரப் பயிற்றுநர்கள்) இருப்பார்கள். பஞ்சாபோ ராஜஸ்தானோ எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். மூன்றாம் வாரத்துக்குள் அவர் "தம்பி, காலை ஓங்கி அடி" என்று சொல்லும் அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்டிருப்பார்.

கட்டளைகள் இந்தியில்தான். சாவ்தான், விஷ்ராம், தஹினே முட், தேஸ் சல். இந்தியே படிக்காத தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இதைக் காதால் கேட்டே பிடித்துக்கொள்கிறார்கள். நாற்பது ஐம்பது சொற்கள், அவ்வளவுதான். இதற்காகச் சேராமல் இருக்காதீர்கள். ஒரு காலத்தில் இது அரசியல் விவகாரமாக இருந்தது. 1968ல் இருமொழிக் கொள்கை வந்த நேரத்தில் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளும் தமிழ்நாட்டில் பெரிய சர்ச்சை ஆயின.

பரேடு முடிந்தால் சிற்றுண்டி உண்டு. பூரியா பரோட்டாவா என்பது உங்கள் கல்லூரி கேன்டீனைப் பொறுத்தது. வருகை குறையாமல் இருப்பதில் இதற்கும் பங்கு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

நிஜத் துப்பாக்கியால் சுடவிடுவார்களா? ஆபத்து இல்லையா?

சுடவிடுவார்கள். பொதுவாகப் பாயின்ட் டூ டூ ரைபிள். இருபத்தைந்து மீட்டர் ரேஞ்சில், தரையில் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். முதலில் மாதக்கணக்கில் வெறும் ரைபிளைக் கழற்றி மாட்டுவதும், பிடிப்பதும், குறிபார்ப்பதும்தான். அதன் பிறகே குண்டு கைக்கு வரும், அதுவும் எண்ணி. ஐந்து குண்டும் நடுப்புள்ளியில் விழுவதைவிட ஒரே இடத்தில் நெருக்கமாக விழுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். மூச்சைப் பாதியில் நிறுத்தி, விரலை மெதுவாக இழுத்தவனுக்குக் குண்டுகள் நெருங்கி விழும். பயத்தில் வெடுக்கென்று இழுத்தவனுடைய குண்டு பக்கத்து டார்கெட்டில் இருக்கும்.

ரேஞ்சில் விதிகள் கறாரானவை. கட்டளை வராமல் ரைபிளைத் தொடக் கூடாது. குழல் எப்போதும் டார்கெட் பக்கம்தான். சுட்டு முடித்ததும் காலிக் குப்பிகளை, அதாவது சுட்டபின் மிஞ்சும் தோட்டா உறைகளை, பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் புல்லுக்குள் தேடியாக வேண்டும். "என்னிடம் குண்டோ காலிக் குப்பியோ இல்லை" என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுத்தான் நகர முடியும். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு குப்பியைப் பாக்கெட்டில் போட்டால் அன்றைக்கு மொத்த பட்டாலியனும் உங்களைத்தான் பேசும்.

பத்து நாள் கேம்ப்புக்குப் பெண்ணைத் தனியாக அனுப்பலாமா?

முறையான கேம்ப் என்றால் தனியாக அனுப்புவதில்லை. மாணவிகளோடு பெண் ஏ.என்.ஓ. அல்லது பெண் பொறுப்பாளர் போவார். கேம்ப்பில் பெண் பயிற்றுநர்கள் இருப்பார்கள். தங்குமிடம் தனி. பெற்றோரின் ஒப்புதல் கடிதம் வாங்குவார்கள், மருத்துவத் தகுதிச் சான்று கேட்பார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு எதுவும் இருந்தால் அதில் மறைக்காதீர்கள். விடியற்காலை ஓட்டமும் வெயிலில் டிரில்லும் இருக்கிற இடம் அது.

பொறுப்பாளரின் செல்போன் எண், முகாம் நடக்கும் இடத்தின் முகவரி, புறப்படும் திரும்பும் நாள் மூன்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தராதவரிடம் அனுப்பாதீர்கள்.

கேம்ப்பில் வகைகள் உண்டு. ஆண்டுக்கொரு முறை நடப்பது சி.ஏ.டி.சி. எனும் கூட்டு ஆண்டுப் பயிற்சி முகாம்; பெரும்பாலானவர்களுக்கு இதுதான். டெல்லியில் குடியரசு தின அணிவகுப்புக்கான ஆர்.டி.சி. என்பது எல்லாக் கேடட்டின் கனவு. பல கட்டத் தேர்வு தாண்டி, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, ஜனவரிக் குளிரில் டெல்லியில் நிற்க வேண்டும். அதற்குப் போகிறவர்களுக்குக் கல்லூரியில் வகுப்பு நிறையப் போகும், அதைத் தெரிந்தே முடிவெடுங்கள். தரைப்படை, கடற்படை, விமானப் பிரிவுகளுக்கான தல் சைனிக், நௌ சைனிக், வாயு சைனிக் கேம்ப்புகள், மலையேற்றம், பாறையேற்றம், ராணுவ யூனிட்டுகளோடு தங்கும் முகாம்கள் எல்லாம் தனி.

ஏ, பி, சி சான்றிதழ்கள் எப்படிக் கிடைக்கும்?

ஏ சான்றிதழ் பள்ளிப் பிரிவுக்கு, இரண்டாம் ஆண்டு முடிவில். பி என்பது கல்லூரியில் இரண்டாம் ஆண்டில். சி மூன்றாம் ஆண்டில், அதுவும் பி தேறியவருக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான கணக்கு: பரேடு பீரியடுகளில் 75 சதவீத வருகை. ஏ, பி இரண்டுக்கும் ஒரு கேம்ப், சி-க்கு இரண்டு கேம்ப். தேர்வில் எழுத்துத் தாளோடு டிரில், ஆயுதப் பயிற்சி செய்முறையும் உண்டு.

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். டிரில்லில் கில்லாடியாக இருப்பான். இரண்டாவது கேம்ப் போகாமல் விட்டிருப்பான். செமஸ்டர் தேர்வு வந்தது, அக்கா கல்யாணம் வந்தது என்று காரணம் நியாயமாகவே இருக்கும். ஆனால் தேர்வுக்குப் பெயர் அனுப்பும்போது பட்டாலியன் கிளார்க் பார்ப்பது பதிவேட்டை மட்டும்தான். முதலாம் ஆண்டிலேயே ஒரு கேம்ப்பை முடித்துவிடுவது நல்லது. ஒவ்வொரு கேம்ப் முடிவிலும் சான்றிதழை வாங்கி ஒரு நகலை வீட்டில் வையுங்கள், ஏ.என்.ஓ. மாறினால், ஃபைல் காணாமல் போனால், உங்களைக் காப்பாற்றுவது அந்த நகல்தான்.

படிப்பு கெடுமா?

வாரம் ஒரு பரேடால் யாருடைய படிப்பும் கெடாது. 2021ல் பல்கலைக்கழக மானியக் குழு, என்.சி.சி.யை விருப்பப் பாடமாக வைத்து ஆறு செமஸ்டரில் 24 கிரெடிட் வரை தரலாம் என்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. உங்கள் கல்லூரி அதை நடைமுறைப்படுத்தியிருக்கிறதா என்பது வேறு விஷயம், துறைத் தலைவரிடம் கேளுங்கள். கேம்ப் நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி வருகை) கிடைக்கும். அதை வாங்கித் தருவது ஏ.என்.ஓ. பொறுப்பு, ஞாபகப்படுத்துவது உங்கள் பொறுப்பு.

சீனியர் கேடட்டுகள் அடிக்கலாமா? தண்டனை என்ன கொடுக்கலாம்?

அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. லான்ஸ் கார்ப்பரல் முதல் சீனியர் அண்டர் ஆபீசர் வரை எந்த ரேங்க்கும் அந்த அதிகாரத்தைத் தருவதில்லை. ஃபால்-இன் போடலாம், அணியை நடத்தலாம், தவறைப் பொறுப்பாளரிடம் சொல்லலாம். 2023 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் தானே நகரில் ஒரு கல்லூரியில், மழைச் சேற்றில் குனிந்து கிடந்த ஜூனியர்களைச் சீனியர் ஒருவர் கம்பால் அடிக்கும் வீடியோ நாடு முழுக்கப் பரவியது. கல்லூரி நடவடிக்கை எடுத்தது. "மிலிட்டரின்னா இப்படித்தான்" என்று பூசி மெழுகும் சீனியர்களுக்கு மிலிட்டரியும் தெரியாது, விதியும் தெரியாது.

1948 சட்டத்தில் தண்டனை என்று பார்த்தால் சிரிப்பு வரும்: ஐம்பது ரூபாய் வரை அபராதம். நடைமுறையில் உண்மையான தண்டனை பட்டியலிலிருந்து பெயர் நீக்கம்தான், அதைச் செய்ய வேண்டியவர் கமாண்டிங் ஆபீசர். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வது, புஷ்-அப் எடுக்கச் சொல்வது எல்லா இடத்திலும் நடக்கிறது. அளவோடு இருந்தால் யாரும் பெரிதுபடுத்துவதில்லை. அளவு மீறினால் ஏ.என்.ஓ., அப்புறம் பட்டாலியன், கல்லூரிக்குள் என்றால் ராகிங் தடுப்புக் குழு.

வேலைக்கு எவ்வளவு உதவும்?

உதவும், ஆனால் விளம்பரங்களில் சொல்கிற அளவுக்கு இல்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வில் சி சான்றிதழுக்கு 5 சதவீதம், பி-க்கு 3, ஏ-வுக்கு 2 போனஸ் மதிப்பெண் உண்டு. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் அந்த ஐந்து சதவீதம் பெரிய விஷயம்தான். அக்னிவீர் ஆள்சேர்ப்பிலும் போனஸ் உண்டு. தமிழ்நாடு காவல் துறைத் தேர்வுகளில் என்.சி.சி.க்குச் சிறப்பு மதிப்பெண் இருக்கிறது. அது எவ்வளவு என்பதை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள், மாறிக்கொண்டே இருக்கும். தனியார் நிறுவன நேர்காணலில் "கேம்ப்புக்குப் போயிருக்கிறேன்" என்பது பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவே.

நேரடியாக ராணுவ அதிகாரி ஆக முடியும் என்கிறார்களே?

சி சான்றிதழின் உண்மையான மதிப்பு இங்கேதான். என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி என்று ராணுவத்தில் ஒரு வழி இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை அறிவிப்பு வரும். எழுத்துத் தேர்வு கிடையாது, விண்ணப்பத்தை வடிகட்டி நேராக எஸ்.எஸ்.பி. எனும் அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு அழைப்பார்கள். வயது 19 முதல் 25, பட்டப்படிப்பில் 50 சதவீதம், சீனியர் பிரிவில் போதிய ஆண்டுகள், சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடு. திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பெண்களுக்கும் இடம் உண்டு, ஆனால் மிகக் குறைவு.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பெங்களூரு வரும். முதல் நாள் ஸ்கிரீனிங்கிலேயே பெரும்பகுதியினர் வீட்டுக்குத் திரும்புவார்கள். மங்கலான ஒரு படத்தைக் காட்டி, கதை எழுதச் சொல்லி, பிறகு குழுவாகப் பேசச் சொல்வார்கள். தமிழ்வழியில் படித்த நல்ல கேடட்டுகள் ஆங்கிலத் தயக்கத்தால் அங்கே வாயே திறக்காமல் போவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். இலக்கணம் தப்பினாலும் தெளிவாகப் பேசினால் போதும். முதலாம் ஆண்டிலிருந்தே தினம் பத்து நிமிடம் நண்பர்களோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகுங்கள்.

தேர்வாகி, மருத்துவப் பரிசோதனையும் மெரிட் பட்டியலும் தாண்டினால் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சி. முடிந்ததும் லெப்டினன்ட். ஷார்ட் சர்வீஸ் கமிஷன் என்பதால் பத்து ஆண்டு, நான்கு ஆண்டு நீட்டிக்கலாம். நிரந்தரக் கமிஷன் வேண்டுமென்றால் சி.டி.எஸ். என்ற முப்படை அதிகாரிகளுக்கான தேர்வு எழுதி டேராடூன் ராணுவ அகாடமிக்குப் போகும் வழி இருக்கிறது. அங்குள்ள 100 இடத்தில் 13 ராணுவப் பிரிவு சி சான்றிதழ்க்காரர்களுக்கு ஒதுக்கீடு.

பாதியில் விலகினால், கல்லூரி மாறினால்?

விலகலாம், வழக்கு எதுவும் வராது. காரணத்தை எழுதிக் கொடுத்து, யூனிட் கொடுத்த பொருட்களைத் திருப்பி ஒப்படைத்து டிஸ்சார்ஜ் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் தப்பு. உங்கள் பெயரில் உள்ள இடம் காத்திருக்கும் இன்னொரு மாணவருக்குப் போகாமல் அப்படியே கிடக்கும். கல்லூரி மாறுகிறவர்கள் பழைய யூனிட்டிலிருந்து சேவை விவரம், கேம்ப் சான்றுகள், பதிவு எண் எல்லாவற்றையும் வாங்கிய பிறகே டி.சி.யில் கையெழுத்து வாங்குங்கள். புதிய கல்லூரியில் யூனிட் இருந்து, இடமும் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். அது எந்தப் பட்டாலியன் என்று சேரும் முன்பே கேட்டு வையுங்கள்.